'மும்பை ஸ்பிரிட்'டும் என் மச்சினனும்

மே மாச லீவு முடிஞ்சும் "அத்தான், மும்பை மழை பாக்கணும், ஜூலைல வரட்டா?" என்று ஊரிலிருந்து போன் வந்தால் நம்மில் பலர் என்ன சொல்கிறோம்? "வா மாப்ள, சூப்பரா இருக்கும்!" நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் ஒரு வெப்பநாட்டுக்குக் கிளம்புமுன் டாக்டரைப் பார்க்கிறான், ஊசி போடுகிறான். நம்மவர் முறுக்கு டின்னோடு கிளம்புகிறார். கேட்டால் "நம்ம நாடுதானே!" கிருமிக்கு ரேஷன் கார்டெல்லாம் தெரியாது மக்களே.

2019 ஜூலை முதல் வாரம். மாட்டுங்கா கோயிலுக்குப் போய்விட்டு கோபர்கைரனே திரும்பணும். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர், ரயில் இல்லை. மச்சினன் தயங்கினான். "இதெல்லாம் மும்பைல சகஜம், நட மாப்ள" என்றேன். பித்தவெடிப்புக் காலோடு சயான் வரை நடந்தான். ஊருக்குப் போய் பத்தாம் நாள் காய்ச்சல். தண்ணீரில் நடந்ததை அவன் டாக்டரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை. அப்புறம் கண் சிவந்து, கெண்டைக்கால் வலித்து, சிறுநீர் குறைந்து... எலிக்காய்ச்சல். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி, மூன்று தடவை டயாலிசிஸ். பிழைத்தான். மாமியார் என்னைத் திட்டவில்லை. "உங்க வீட்டுக்குத்தானே அனுப்புனேன்" என்றார், அவ்வளவுதான்.

"தாராவி ஜனங்க தினமும் நடக்கலையா, செத்தா போயிட்டாங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். சாகிறார்கள் சார். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. வெள்ளம் வடிந்த பிறகும் எலிக்காய்ச்சலில் ஆட்கள் போனார்கள். 2017 ஆகஸ்ட் 29-ல் காரை விட்டிறங்கி வீட்டுக்கு நடந்த ஒரு பிரபல டாக்டரே திறந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். நடக்காவிட்டால் கூலி போய்விடும் என்பவன் நடக்கிறான். வேறு வழி இல்லாமல் நடப்பதற்கு 'ஸ்பிரிட்' என்று பெயர் வைத்தது பேப்பர்காரர்கள். பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கட்டியவை. அதை 50 ஆக்கச் சொல்லி 1993-லேயே அறிக்கை வந்தாச்சு. நாம் ஸ்பிரிட்டைப் புகழப் புகழ, கணக்குக் கேட்க ஆளில்லை. வாராக்கடனை மாலை போட்டு வரவேற்பது மாதிரி இருக்கிறது.

விருந்தாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்:

1. முடிந்தால் டிசம்பர், ஜனவரியில் வரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில்தான் என்றால், கடல் அலை 4.5 மீட்டருக்கு மேல் எழும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடும். அன்று கனமழையும் சேர்ந்தால் தண்ணீர் வடியாது. வெளியே கூட்டிப்போகாதீர்கள்.

2. தண்ணீர் ஏறினால் இருக்கும் இடத்திலேயே மாடியில் இருங்கள். செம்பூரிலோ தாராவியிலோ தெரிந்தவர் வீட்டில் ஒரு ராத்திரி படுத்தால் கௌரவம் குறையாது. காரில் உட்கார்ந்திருக்க வேண்டாம், 2005-ல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு.

3. நடந்தே ஆகவேண்டி வந்ததா? சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். மாநகராட்சி மருந்தகத்திலேயே டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள். காலில் புண் இருந்தால் அளவு வேறு, சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருந்தே வேறு. மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

4. முக்கியமானது இதுதான். ஊருக்குப் போய் ஒரு மாசத்துக்குள் காய்ச்சல் வந்தால், "மும்பையில் மழைத்தண்ணீரில் நடந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை மச்சினனுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை.

5. திரும்பும் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில்தான் பலர் தண்ணீரில் இறங்குகிறார்கள். டிக்கெட் போனால் போகட்டும். அந்தக் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

மச்சினன் இப்போது நன்றாக இருக்கிறான். போன மாசம்கூட "எப்போ அத்தான் வரட்டும்?" என்றான். "பொங்கல் முடிஞ்சு வா" என்று சொல்லியிருக்கிறேன்.