பிறவிக் குணமா, பழக்கமா?

சென்ற வாரம் சேலையூரில், நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருகின்ற ஒரு தோழர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். மாடி அறையை வாடகைக்குக் கேட்டு ஒரு வாலிபர் வந்தார். தோழர் வாடகை எவ்வளவு என்று சொல்லுமுன், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டார். வாலிபர் முகம் சுண்டிப் போய், பதில் சொல்லாமலே திரும்பிவிட்டார். நாம் தோழரைப் பார்த்தோம். "கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை ஐயா, பழக்கம், வாயில் வந்துவிட்டது. பிறவிக் குணம் எங்கே போகும்?" என்றார்.

இந்தப் பதிலைத்தான் இன்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. தோழர் ஒரே மூச்சில் ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு காரணங்களைச் சொன்னார். பிறவியென்றால் மாற்ற முடியாது; பழக்கமென்றால் நாமே உண்டாக்கியது, நாமே மாற்றக்கூடியது. எந்தக் குழந்தையாவது பிறந்தவுடன் மருத்துவச்சியின் ஜாதியைக் கேட்டதுண்டா? கேட்டதில்லை. பெரியவர்கள் தினந்தோறும் கேட்கக் கேட்டுத்தான் அது கற்றுக்கொண்டது. ஆகவே கற்றதை விடவும் முடியும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பார்கள். பிரத்தியட்சமாய் நடந்ததைப் பார்ப்போம். 1925-இல் 'குடி அரசு' துவங்கியபோது பெரியாரின் பெயரோடு 'நாயக்கர்' என்ற பட்டமும் அச்சாகி வந்தது. 1927 டிசம்பரில் அது எடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 48. ஐம்பதை நெருங்கிய மனிதர்தான் வளைந்து காட்டினார்!

நிற்க. தாம்பரத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகின்ற செங்கல்பட்டில், 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில், தோழர் சௌந்திரபாண்டியன் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு கூடி, ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. தீர்மானம் செய்யக் கையைத் தூக்கினால் போதும். ஆனால் பட்டம் போக வேண்டுமானால் ஒவ்வொரு கையெழுத்திலும், ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையிலும், கவனமாய் இருந்து பழக வேண்டும். அப்படிப் பலர் பழகியதன் பலனாகவே இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதி வாலைப் போட்டுக்கொள்ளப் பெரும்பாலோர் கூச்சப்படுகின்றனர். இந்தக் கூச்சத்தை எந்தக் கடவுள் கொடுத்தார்?

ஆனால் கையெழுத்தை விட்டுப்போன வால், பெண் பார்க்கும்போதும் வீடு வாடகைக்கு விடும்போதும் நாக்கில் வந்து தொங்குகிறதே! கை பழகிவிட்டது, நாக்கு பழகவில்லை. அவ்வளவுதான்.

மாலை போட்டுக்கொண்டால் ஒரு மண்டலம் சாராயத்தைத் தொடாதிருக்கிறான். மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறான். சாமி நிறுத்தியிருந்தால் திரும்பிப் போவானேன்? நிறுத்தியது அவனுடைய மனவுறுதி. ஒரு மண்டலம் முடிந்தது ஒரு வருஷம் ஏன் முடியாது?

அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்கிளின் 13 நற்குணங்களை ஒரு சிறு நோட்டில் எழுதி, வாரத்திற்கு ஒன்றைக் கவனத்தில் வைத்து, தவறியபோதெல்லாம் ஒரு கரும்புள்ளி இட்டு வந்தார். பூரண மனிதனாகிவிடவில்லையென்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் முயன்றதால் முன்னிலும் மேலானவனானேன் என்றார். யோக்கியமான பேச்சு இதுதான்.

தோழர்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். யாரையும் ஜாதி கேட்பதில்லை. தெருக் கூட்டுகிறவரையும் 'நீங்கள்' என்றே அழைப்பது. வீட்டில் பெண்கள் சாப்பிட்டார்களா என்று கேளாமல் எழுந்து போவதில்லை. இம்மூன்று போதும். இரவில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, தவறிய இடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளியைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். நோட்டை மூடி வைப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

சேலையூர்த் தோழரின் மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்து வருகிறவரிடம் அவர் வாடகையை மட்டும் பேசுவாரானால், அவர் நூறு கூட்டங்களில் கைதட்டியதைவிட அதுவே பெரிய காரியமென்போம்.