சொல்லாவிட்டால் ஜூன் 12!



அசெம்பிளி மொழி என்பது கம்ப்யூட்டரின் இயந்திர மொழிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் மொழி. அதில் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் தனித்தனிக் கட்டளை எழுதணும். ஒரே கட்டளைகளைப் பத்து இடத்தில் எழுதினால் கை வலிக்கும் அல்லவா? அதனால் அந்தக் கட்டளைகளுக்கு மொத்தமாக ஒரு பெயர் வைக்கிறார்கள். அதுதான் மேக்ரோ. பெயரை மட்டும் எழுதினால் போதும். அசெம்பிளர் என்ற மென்பொருள் மற்றதை நிரப்பிவிடும்.

'காத்திரு' என்று ஒரு மேக்ரோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'காத்திரு 5' என்றால் ஐந்து நொடி. எண் இல்லாமல் 'காத்திரு' என்று விட்டால்? எழுதியவர் முன்கூட்டியே வைத்த எண்ணை அசெம்பிளர் எடுத்துக்கொள்ளும். இதுதான் டிஃபால்ட். நாம சொன்னா நம்ம எண், சொல்லலேன்னா அந்த எண்.

நம் டெல்டாவுக்கு இது புதுசா? மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. யாரும் வேறு தேதி சொல்லாவிட்டால் விவசாயி மனசில் இருப்பது அதுதான். 2022-ல் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் போதாமல் ஜூலை 28 ஆனது. 2025-ல் மறுபடி ஜூன் 12.

டிஃபால்ட் வைப்பது சோம்பேறித்தனம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நாள் தெரிந்தால்தானே உழவு, விதை, நாற்றங்கால் எல்லாம் திட்டமிட முடியும்? ஆனால் மாற்றுவதாக இருந்தால் முன்னாடியே சொல்லணும். புரோகிராம் ஓடுவதற்கு முன்பே மேக்ரோ விரிந்து எண் உள்ளே பதிந்துவிடும். நாற்றும் அப்படித்தான். விட்ட பிறகு ஜூன் 11-ல் வந்து 'தண்ணீர் இல்லை' என்றால் என்ன பிரயோசனம்?

இன்னொன்றும் உண்டு. மைக்ரோசாஃப்ட் அசெம்பிளரில் ஒரு மதிப்பைக் 'கட்டாயம்' என்று குறிக்கலாம். அதைக் கொடுக்காமல் விட்டால் பிழை காட்டும், தானா எதையும் நிரப்பாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாள் போல ஆகும். 2022-ல் கல்லணை திறந்தது மே 27. அதற்குப் பிறகு வெண்ணாறு, வெள்ளையாறு எல்லாம் தாண்டித்தான் கடைமடையான நம் பக்கம் வரணும். அணை திறக்கும் நாளை மட்டும் சொல்லி, கடைமடைக்கு வரும் நாளைக் காலியாக விடக்கூடாது. அந்தக் கட்டம் கட்டாயம்!

டிஃபால்ட் இருக்கட்டும். அது எல்லாருக்கும் தெரியட்டும். வயிற்றுப்பாட்டு விஷயத்தை மட்டும் அதன் தலையில் கட்ட வேண்டாம். இது என் கருத்து. உங்கள் கருத்து என்ன? அடுத்த தாளில் எழுதுங்கள்!

– 9-ம் வகுப்பு மாணவி