காகிதம் போனால் செலவு போகுமா?

பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். அவர் சேர்த்த கற்கருவிகளின் பட்டியலைச் சென்னை அருங்காட்சியகம் அவர் இறந்தபின் 1914-இலும் 1916-இலும் இரண்டு பகுதிகளாக அச்சிட்டது. படத்தகடுகள் நிறைந்த, விற்று முதலெடுக்க முடியாத புத்தகம். பணம் அரசாங்கத்துடையது. இன்று ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூரில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்றால் அதைச் செல்பேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மின்நூலுக்குச் செலவே இல்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அந்தப் புத்தகத்துக்கான செலவு நூறாண்டுக்கு முன்பே கொடுத்துத் தீர்ந்தது.

ஓலைக் காலத்தில் நூறாவது பிரதிக்கும் முதல் பிரதிக்கான உழைப்பே வேண்டியிருந்தது. அச்சு வந்ததும் பாரம் காகிதத்தின் மேல் விழுந்தது. தரங்கம்பாடி கிறிஸ்தவ மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த அளவில் அச்சிட்டால் புதிய ஏற்பாட்டுக்குக் காகிதம் காணாது. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி, சிறிய எழுத்து வார்த்தார்கள் என்கிறது மிஷன் வரலாறு. பிறகு பொறையாறில் காகித ஆலையே வைத்தார்கள். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவர முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். அந்தப் பணம் காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் போனது. ஏடு ஏடாக ஒப்பிட்ட அவருடைய ஆண்டுகளுக்கு யாரும் பில் போடவில்லை.

அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. 160 பக்க டெம்மி புத்தகம் என்றால், பதினாறு பக்கம் ஒரு ஃபாரமாக, பத்து ஃபாரம். காகிதம், அச்சு, பைண்டிங், குடோன், கடைக்காரர் கழிவு எல்லாம் பதிப்பாளரின் நோட்டில் ஏறும். மின்நூலில் இவற்றில் பெரும்பாலானவை கழியும். எழுதியவர், செம்மையாக்கியவர், மெய்ப்புப் பார்த்தவர் கூலி அப்படியே நிற்கும். அதை ஆயிரம் பிரதிக்குப் பிரிப்பது வேறு, நாற்பது பேர் இறக்கியதற்குப் பிரிப்பது வேறு. வரியிலும் ஒரு விநோதம்: அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 2018 ஜூலையில் மின்நூலுக்கு 5 சதவீதமாகக் குறைத்தார்கள், அதுவும் அச்சிலும் வந்திருந்தால்தான். காகிதமே தொடாத நூலுக்கு 18!

பராமரிப்பை யாரும் எண்ணுவதில்லை. தமிழ் இலக்கியங்களை மின்நூலாக்க 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இணைமதி, தகுதரம், யூனிகோடு என்று குறியேற்றம் மாறியபோதெல்லாம் தட்டச்சிட்ட இலக்கியங்களை மாற்றிப் போட வேண்டியிருந்தது. செல்லரித்த சுவடியைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. சம்பளம் மட்டும் அன்றைக்கு ஆதீனமோ ஜமீனோ கொடுத்தது.

மலையூர் வாசகருக்கு மின்நூல் லாபம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபோது, மலிவு விலைப் புத்தகம் என்றால் பார்சல் கூலி அதன் விலையைத் தொட்டது. அந்த வாசகர் மிச்சம் பிடிக்கிற காசு எழுத்தாளர் மடியிலிருந்து போகக் கூடாது. 1948-இன் நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. மின்நூலின் வாசிப்பு உரிமையை அந்தப் பணத்தில் ஒரு தடவை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிடலாம். நெடுங்காலம் ஃபாரம் கணக்கில் விலை போட்டுப் பழகிய துறை, ஃபாரமே இல்லாத புத்தகத்துக்கு எதை அளந்து விலை போடும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.