டி டிரைவும் அதே கூரைக்குக் கீழேதான்

எங்கள் நண்பி ஒருத்தியின் லெப்டொப் போன மாதம் "சரியான ஸ்லோ" என்று டவுனில் ஒரு கடைக்குப் போனது. திரும்பி வந்தபோது நல்ல வேகம். புது வின்டோஸ். ஆனால் டி டிரைவைக் காணவில்லை, முழு டிஸ்க்கும் ஒரே சி-யாக இருந்தது. "டி-யையும் சேர்த்துப் பெருசாக்கிக் குடுத்திருக்கேன் தங்கச்சி" என்றாராம் கடைக்காரர். அவர் நல்லது செய்ததாகவே நினைத்திருக்கிறார். அந்த டி-யில் இருந்தவை இரண்டு வருட அசைன்மென்ட்கள், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் ஸ்கேன், 2023இல் மலையகம் 200 பேசப்பட்ட நேரம் அப்பாயியிடம் கேட்டுப் பதிந்த கதைகள். பத்திரம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அப்பாயி இப்போது இல்லை.

கடைக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. "முக்கியமானத டி-ல போடு, சேஃபா இருக்கும்" என்று எங்கள் எல்லோருக்கும் யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். அது பாதி உண்மை. வின்டோஸ் பழுதாகி சி-யை மட்டும் ஃபோர்மட் பண்ணினால் டி தப்பும். டிஸ்க்கே செத்தால், லெப்டொப் களவு போனால், யாராவது தவறாக 'டிலீட்' அழுத்தினால் தப்பாது. பாட்டிஷன் என்பது ஒரே டிஸ்க்கில் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைத்த ஒரு சின்ன அட்டவணை, அவ்வளவுதான். லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காம்பராக்களுக்கு நடுவில் சுவர் இருக்கிறது, கூரை ஒன்றுதான். ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் மற்றக் காம்பராக்காரர்களும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. வின்டோஸ் 11 டி.பி.எம் 2.0வும் ஓரளவு புதிய புரொசசரும் கேட்கிறது. எங்களில் பலரிடம் இருப்பது அண்ணன் பாவித்தது, அல்லது செக்கன்ஹேண்ட். "இது இனிச் சரிவராது, புதுசு வாங்குங்க" என்பதுதான் எங்கும் கிடைக்கும் பதில். கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் புது லெப்டொப் என்பது எத்தனை மாத வேலை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் கருத்து: முதலில் டிஸ்க்கை மாற்றுங்கள். பழைய லெப்டொப் இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அது செக்கனுக்கு ஏறக்குறைய 100 மெகாபைட் வாசிக்கும். அதே இடத்தில் பொருந்தும் சாட்டா எஸ்.எஸ்.டி 500 வரை போகும். வின்டோஸ் 11 ஏறாத மெஷினில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸைப் போடலாம், தமிழும் தட்டலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஓர் இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் உடல்நிலையை முதலில் பாருங்கள். எச்சரிக்கை காட்டினால் வேறு எதையும் தொடாமல் ஃபைல்களை வெளியே கொப்பி பண்ணுங்கள். பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் கழற்றிய டிஸ்க் வேறு மெஷினில் திறக்காது. 500 ஜி.பி டிஸ்க்கை 240 ஜி.பி எஸ்.எஸ்.டி-க்கு அப்படியே குளோன் பண்ணப் போனால் குளோன்சில்லா வழக்கமான முறையில் மறுக்கும், ஏனென்றால் புதியது பழையதைவிடச் சிறியது. அதனால் பழையதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதில் வின்டோஸை முதலிலிருந்து போடுவதே நல்லது. கழற்றி மேசையில் வைத்த டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது. கடையில் கொடுத்தாலும் ஒரே வார்த்தை: "பழைய டிஸ்க்கக் கையில தாங்க அண்ணே."

240 ஜி.பி-யை சி, டி என்று பிரிக்கவும் வேண்டாம். சி நிரம்பி டி சும்மா கிடக்கும். அப்புறம் சி-யைப் பெருசாக்கப் போனால், காலி இடம் சி-க்கு ஒட்டினாற்போல் வலப்பக்கம் இருந்தால்தான் வின்டோஸ் விடும். நடுவில் மீட்புப் பாட்டிஷன் குந்திக்கொண்டிருக்கும். ஒழுங்கான ஃபோல்டர்கள் போதும்.

கழற்றிய பழைய டிஸ்க்கை ஒரு யூ.எஸ்.பி கேஸில் போட்டால் அதுதான் உண்மையான இரண்டாவது இடம். அதை அதே வீட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். பசறையில் இருப்பவர் அப்புத்தளை நண்பரிடம் கொடுக்கட்டும், அவருடையதை இவர் வைத்திருக்கட்டும்.

இது கூடுதல் பயமாகத் தெரியலாம். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர்களோடு வீட்டிலிருந்த பத்திரங்களும் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலோடும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரிடம் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. காட்டக் கடதாசி இல்லாததால் எத்தனை குடும்பம் நாடற்றதானது! அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

"கூகுள் டிரைவ் இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, பாவியுங்கள். பத்திர ஸ்கேன்களுக்கு இலவச 15 ஜி.பி தாராளம். ஆனால் அதை ஜிமெயிலும் படங்களும் பங்கு போடுகின்றன, வீடியோ வைத்தால் சீக்கிரம் நிரம்பும். சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறும் தோட்டங்களில் டேட்டா கார்ட்டை நம்பி 100 ஜி.பி ஏற்றவும் முடியாது. பழைய டிஸ்க்கும் நிரந்தரமில்லை என்பது சரி. அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறோம்.

தோட்டத்து இளைஞர் மன்றங்களில் கிரிக்கெட் பேட் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது. ஒரு சின்ன ஸ்குரூடிரைவர் செட்டும் ஒரு சாட்டா கேபிளும் சேர்ந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாலைந்து லெப்டொப்பைப் பார்த்துவிடலாம். எங்கள் நண்பியின் டிஸ்க்கில் மீட்பு மென்பொருளை ஓடவிட்டோம். அசைன்மென்ட்கள் பாதி வந்தன. அப்பாயியின் ஃபைல்கள் பெயரோடு வந்தன, திறக்கவில்லை.