சம்பளச் சீட்டில் இருக்கிறது, சேமநிதிக் கணக்கில் இல்லை

எஸ்டிபிஎம் தேர்வு முடிந்து பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்த நாட்களில், 2025 மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஒரு பேரங்காடியில் வேலை செய்தேன். சம்பளம் 1,700 ரிங்கிட். மாதந்தோறும் கொடுத்த சம்பளச் சீட்டில் ‘இபிஎஃப் 187 ரிங்கிட்’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ஐம்பத்தைந்து வயதில் கிடைக்கப்போகும் பணத்துக்காக இப்போதே ஏன் பிடிக்கிறார்கள் என்று தோன்றும்.

வேலையை விட்டு ஒரு மாதம் கழித்து அப்பாதான் கேட்டார்: “ஐ-அக்காவுனைத் திறந்து பார்த்தியா? காசு ஏறியிருக்கா?” பார்த்தேன். ஆறு மாதத்தில் இரண்டு மாதச் சந்தா மட்டுமே ஏறியிருந்தது. மீதி நான்கு மாதங்களுக்கு ஒரு காசுகூட இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் ஆறு மாதமும் பிடித்திருந்தார்கள்.

எவ்வளவு போனது?

நம் நாட்டில் 5,000 ரிங்கிட்டும் அதற்குக் கீழும் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு செலுத்த வேண்டும். தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு. 5,000 ரிங்கிட்டுக்கு மேல் போனால் முதலாளியின் பங்கு 12 விழுக்காடு. 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு முதலாளி 221, நான் 187, ஆக மாதம் 408 ரிங்கிட். நான்கு மாதத்துக்கு 1,632 ரிங்கிட்.

“1,632 வெள்ளிதானே, விட்டுத் தொலை” என்றான் நண்பன். ஆனால் சேமநிதிப் பணம் அப்படியே தூங்குவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் லாப ஈவு சேரும், அந்த ஈவுக்கும் மறு ஆண்டு ஈவு கிடைக்கும். 2023-இல் வழக்கமான சேமிப்புக்கு 5.50 விழுக்காடு, 2024-இல் 6.30 விழுக்காடு வழங்கப்பட்டது. ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். இருபது வயதில் போட்ட 1,632 ரிங்கிட் ஐம்பத்தைந்து வயதில் ஏறக்குறைய 9,000 ரிங்கிட் ஆகியிருக்கும். இளம் வயதில் விடுபடும் பணம்தான் அதிக விலை உள்ள பணம்.

என்னைவிட அதிகம் இழந்தவர் என்னோடு கல்லாவில் வேலை செய்த ஓர் அக்கா. பதினொரு ஆண்டுகளாக அங்கே இருக்கிறார். அவருடைய கணக்கையும் பார்க்கச் சொன்னேன். கைப்பேசியில் இதெல்லாம் தமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கடைசியில் மகளை விட்டுப் பார்த்தார். அவர் கணக்கிலும் அதே நான்கு மாதங்கள் காலி. அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அரசு ஊழியர் பலருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறைத் தொழிலாளிக்கு முதுமையில் உள்ள பெரிய பிடிமானம் 1951-இல் தொடங்கப்பட்ட இந்தச் சேமநிதிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும். செலுத்தாத முதலாளிக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துவிட்டு அதைக் கட்டாமல் விட்டால் தண்டனை இரட்டிப்பாகிறது: ஆறு ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம். முன்னது கடமையைச் செய்யாத குற்றம், பின்னது அடுத்தவர் பணத்தை எடுத்துக்கொண்ட குற்றம். சட்டமே இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது.

நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. பாக்கிக்கு இயக்குநர்களும் சேர்ந்து பொறுப்பு. பாக்கி வைத்தவர் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கவும் வழி இருக்கிறது. தாமதமாகக் கட்டும் முதலாளி, விடுபட்ட லாப ஈவையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும்.

பகுதி நேரம், ஒப்பந்த வேலை, தகுதிகாண் காலம் ஆகியவை சாக்காக முடியாது. வேலை ஒப்பந்தத்தின்கீழ் சம்பளம் வாங்குபவருக்குச் சந்தா உண்டு. “இபிஎஃப் வேண்டாம், அந்தக் காசையும் கையிலேயே தந்துவிடுகிறேன்” என்று சில முதலாளிகள் சொல்வார்கள். நாம் தலையாட்டினாலும் அவருடைய கடமை நீங்காது. தம்முடைய 13 விழுக்காட்டை நம் சம்பளத்திலிருந்து கழிப்பதும் குற்றமே.

உணவு விநியோகம் போன்ற கிக் வேலை மட்டும் வேறு. அங்கே முதலாளி, தொழிலாளி என்ற ஒப்பந்தம் இல்லாததால் இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் ‘ஐ-சாரான்’ திட்டத்தில் தாங்களாகவே செலுத்தலாம்.

பிறகு ஏன் இது நடக்கிறது?

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் பணம் எப்படிக் காணாமல் போகிறது? பிடித்த பணம் முதலாளியின் வங்கிக் கணக்கை விட்டு வெளியே போவதே இல்லை என்பதுதான் காரணம். வியாபாரம் மந்தமான மாதத்தில் கடை வாடகை கட்டாவிட்டால் கடைக்காரர் வாசலில் நிற்பார். சரக்குக்குப் பணம் தராவிட்டால் சரக்கு வராது. சேமநிதியைக் கட்டாவிட்டால் அன்றைக்கே கேட்க யாரும் வருவதில்லை. அதனால் நெருக்கடி வரும்போது முதலில் கைவைக்கப்படுவது அதில்தான். தொழிலாளியிடம் வட்டியில்லாமல், கேட்காமல் வாங்கிய கடன் அது.

சிறு வியாபாரிகளுக்கு உண்மையிலேயே கஷ்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கஷ்டத்தில் இருப்பவர் வாரியத்திடம் பேசலாம், தம் ஊழியர்களிடம் சொல்லலாம். சம்பளச் சீட்டில் கட்டியதாக அச்சடித்துக் கொடுப்பதற்குக் கஷ்டம் காரணமாகாது.

இன்னொரு பக்கம் நம் மௌனம். அந்த அக்காவிடம் புகார் செய்யலாம் என்றபோது, “வேல போச்சுன்னா இந்த வயசுல யாருடா குடுப்பா?” என்றார். நான் வேலையை விட்டுவிட்டவன். எனக்கு இழக்க ஒன்றுமில்லை. அதனால் நானே போனேன்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே ஐ-அக்காவுனைத் திறந்து பாருங்கள். 15ஆம் தேதி கடந்து சில நாள் கழித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆறு மாதம் பொறுத்திருந்தது என் தவறு.

இரண்டாவது, ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கி அறிக்கை, வேலை நேர அட்டவணையின் படம், எல்லாம் உதவும். சம்பளச் சீட்டே தராத இடமென்றால் வங்கி அறிக்கைதான் சாட்சி.

மூன்றாவது, முதலாளியிடமோ கணக்குப் பிரிவிலோ எழுத்தில் கேளுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். சில வேளைகளில் அது உண்மையிலேயே அடையாள அட்டை எண் மாறிப்போன தவறாக இருக்கும். மிகைநேரச் சம்பளத்துக்கும் பயணப்படிக்கும் சந்தா கிடையாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குறைவாகக் கட்டிவிட்டதாகத் தவறாக நினைக்க நேரும்.

நான்காவது, சரியான பதில் இல்லையென்றால் சேமநிதி வாரிய அலுவலகத்திலோ அதன் இணையத்தளத்திலோ புகார் செய்யுங்கள். சம்பளமே தரவில்லை என்றால்தான் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். சேமநிதி பாக்கிக்கு வாரியம்தான்.

வாரிய அலுவலகத்தில் என் சம்பளச் சீட்டுகளைப் பார்த்த அதிகாரி நிறுவனத்தின் விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சில வாரங்களில் கடையிலிருந்து அழைப்பு வந்தது. “ஏம்பா, நேரா எங்கிட்டயே கேட்டிருக்கலாமே?” என்றார் மேலாளர். இரண்டு முறை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நினைவுபடுத்தினேன். பாக்கி இப்போது தவணை முறையில் ஏறிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டுமல்ல, அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும். அந்த அக்கா இன்னும் அதே கல்லாவில்தான் இருக்கிறார். மாதம் 20ஆம் தேதி ஆனால் மகளிடம் கைப்பேசியை நீட்டுகிறாராம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் நம் கணக்கை நாம் பார்க்காதவரை அது அசைவதற்குத் தாமதமாகும். நீங்கள் பகுதி நேரமாக வேலை செய்பவராக இருந்தால் இன்றே உங்கள் கணக்கைப் பாருங்கள். பிறகு அம்மா, அப்பாவின் கணக்கையும் ஒருமுறை திறந்து காட்டுங்கள். அவர்களுடைய முப்பது ஆண்டு உழைப்பு அதில்தான் இருக்கிறது.