அறுவடைப் பரிசோதனையில் சராசரி மட்டும் போதுமா?

பயிர் அறுவடைப் பரிசோதனையின் எடைகளைக் கூட்டி வகுத்தவுடன் வேலை முடிந்ததாகக் கருதுவது வழக்கமாயிருக்கிறது. அவ்வெடைகள் எவ்வாறு பரந்துள்ளன என்று நோக்குவோர் சிலரே. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நஷ்டஈடு வட்டாரச் சராசரியைப் பொறுத்திருப்பதால், இது அசட்டையாக விடத்தக்க விஷயமன்று.

அளவுகள் நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகக் குறையுமாயின், கணித நூலார் அதனை இயல்நிலைப் பரவல் என்பர். வரைந்து பார்த்தால் கோயில் மணியின் உருவம் தோன்றும். அந்நிலையில் சராசரியும் நடு எண்ணும் ஒன்றே.

உடையார்பாளையம் தாலுகாவில் இவ்வுருவம் எளிதில் வாய்ப்பதன்று. கங்கைகொண்டசோழபுரத்துப் பொன்னேரி போன்ற ஏரிகளின் பாய்ச்சல் நிலமும், வானம் பார்த்த செம்மண் மேடும் இங்கு உண்டு. ஒரே ஏரியின் கீழும் மடையடி வயலும் கடைக்கோடி வயலும் ஒன்றாகா. மழை குன்றிய பருவத்தில் இவற்றைக் கலந்தால், ஒரு மணிக்குப் பதில் இரண்டு மேடுகள் எழக்கூடும்.

ஐந்து மீட்டர் சதுரமான நான்கு பாத்திகளில் 12, 5, 4, 3 கிலோ நெல் கிடைத்ததாகக் கொள்வோம். சராசரி 6 கிலோ. ஹெக்டேருக்கு 2,400 கிலோவாகும். நடு எண் 4.5, அதன்படி 1,800 கிலோவே. மூவர் களம் வெறிச்சோடியிருக்க, மடையடியில் ஒருவர் களம் நிறைந்ததால் ஊரே தப்பிப் பிழைத்ததாகக் கணக்குக் கூறும்.

1965-இல் ஷாபிரோ, வில்க் என்னும் இருவர் வெளியிட்ட பரீக்ஷை, எடைகள் இயல்நிலைக்கு மாறுபட்டனவா என்று காட்டும். ஆனால் மேற்கண்ட நான்கு எடைகளுக்கு அதன் அளவை ஏறக்குறைய 0.81. நூற்றுக்கு ஐந்து என்ற பிழை வரம்பில், நான்கு எடைகளுக்கு 0.748-க்குக் கீழே இறங்கினாலன்றி அது மறுத்துரைப்பதில்லை. இவ்வளவு கோணலான கணக்கும் தேறிவிடுகிறது! தேறியதனாலேயே மணியுருவம் நிரூபணமாயிற்று என்று எழுதுவது தவறு. எடைகள் போதவில்லை என்பதே பொருள்.

ஆகையால் ஒரே பருவத்தில், ஒரேவிதப் பாசனமுள்ள பல கிராமங்களின் எடைகளை, முப்பதுக்குக் குறையாமல் சேர்த்துக் கட்டத்தாளில் குறித்துப் பார்த்தபின் பரீக்ஷிப்பதே முறை. ஒதுங்கி நிற்கும் எடையைப் பிழையென்று அடித்துவிடுதல் கூடாது; பெரும்பாலும் அதுவே வறட்சியின் சாட்சி. சராசரியோடு நடு எண்ணையும் எழுதுவதற்கு அதிகச் செலவொன்றுமில்லை.

1923 முதல் 1925 வரை பீகார், ஒரிஸா மாகாணத்தில் ஹப்பாக் என்னும் அதிகாரி கண்மதிப்பை விட்டு, குருட்டாம்போக்கில் பாத்திகளைத் தெரிந்து நெல் விளைவை அளந்தார். அம்முறை பாரபட்சத்தை விலக்கும். நிலங்களின் வேற்றுமையை விலக்காது. எனவே அறுவடை நாளில் நிலச்சொந்தக்காரர் களத்திலிருந்து, வயல் எந்த மடையின் பாய்ச்சல், தண்ணீர் எப்போது நின்றது என்பவற்றை எடையோடு சேர்த்துக் குறிப்பேட்டில் பதியுமாறு கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டுக்கொள்வது அவசியம். அக்குறிப்பில்லாத எடைகளைப் பின்னர் எவராலும் வகைபிரிக்க இயலாது.