18 வருஷம் பொறுத்த ஊர்

கிரிக்கெட் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 2008-ல் ஐபிஎல் ஆரம்பித்த நாளிலிருந்து பெங்களூரு அணிக்குக் கோப்பை கிடைக்கவில்லை. 2009, 2011, 2016 என்று மூன்று முறை இறுதிப்போட்டி வரை போய்த் தோற்றது. 'ஈ சாலா கப் நம்தே' (இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்) என்று ரசிகர்கள் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே மற்ற ஊர்க்காரர்கள் கேலி பண்ணும் வசனமாகிவிட்டது. சென்னைக்காரர்கள் கொஞ்சநஞ்சமா ஓட்டினார்கள்!

2025 ஜூன் 3 இரவு, அகமதாபாத்தில் பஞ்சாப் அணியை 6 ரன்னில் ஜெயித்தார்கள். 18-வது சீசன், கோலியின் சட்டையிலும் 18. அந்த ராத்திரி பெங்களூரில் யார் தூங்கியிருப்பார்கள்?

மறுநாள் சாயங்காலம், சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் சிக்கி 11 பேர் செத்துப்போனார்கள். அதில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் உண்டு.

உடனே கிளம்பியது ஒரு கேள்வி: 'இவர்களை யார் அங்கே போகச் சொன்னது?' அபத்தமான கேள்வி. அணிதான் சொன்னது. காலையிலேயே இணையத்தில் கொண்டாட்ட அழைப்பு வந்துவிட்டது. அப்புறம் ஊர்வலமெல்லாம் கிடையாது, ஸ்டேடியத்தில் விழா மட்டும்தான் என்றது போக்குவரத்து போலீஸ். மூன்று மணிக்கு மேல் அணி மறுபடியும், 5 மணிக்கு ஊர்வலம், ஸ்டேடியத்துக்கு இலவச பாஸ் என்று அறிவித்தது. ஏற்கெனவே ரோட்டில் நிற்கிறவன் எதை நம்புவான்?

ஸ்டேடியத்தில் இடம் சுமார் 35,000 பேருக்கு. வந்தது இரண்டு, மூன்று லட்சம் என்று முதல்வர் சித்தராமையாவே சொன்னார். டிக்கெட் விலை பூஜ்யம். காமர்ஸ் முதலாம் ஆண்டு மாணவனைக் கேட்டாலே சொல்லிவிடுவான். இருப்பது கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம், விலையும் இல்லை என்றால் குலுக்கலோ டோக்கனோ வரிசையோ வேண்டும். ஒன்றுமே ஒழுங்காக இல்லாவிட்டால் தோள்பலம்தான் தீர்மானிக்கும். அன்றைக்குத் தீர்மானித்தது.

ஊர்வலம் ஆபத்து, ஸ்டேடியம் பாதுகாப்பு என்று நினைத்ததுதான் பெரிய தப்பு. ஊர்வலம் கூட்டத்தை நீளமாக இழுத்து விடும். 2007-ல் டி20 உலகக்கோப்பையோடு தோனி அணி மும்பையில் இறங்கியபோது, விமான நிலையத்திலிருந்து வான்கடே ஸ்டேடியம் போய்ச் சேர பஸ்ஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியில் இருந்தவர்கள் அவரவர் தெருமுனையிலேயே நின்று பார்த்தார்கள். வீரர்கள் மக்களிடம் போனார்கள். பெங்களூரில் ஊர்வலத்துக்கான கூட்டத்தைக் கூட்டிவிட்டு, அதை சில கேட்டுகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். (ஊர்வலம் என்றாலே சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலையில் மும்பை மரைன் டிரைவில் தூரம் ரொம்பக் குறைவு, கூட்டம் கடல் மாதிரி, சிலரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்தது.)

சரி, ஏன் மறுநாளே? வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. விதான சௌதா படிக்கட்டில் வீரர்களோடு நிற்கும் போட்டோ அரசியல்வாதிகளுக்குச் சூடாக வேண்டியிருந்தது என்பது சொல்லப்படாத காரணம். சென்னை அணி 2021 அக்டோபர் 15-ல் துபாயில் ஜெயித்தது. பாராட்டு விழா நடந்தது நவம்பர் 20-ல், கலைவாணர் அரங்கத்தில், அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும். தெருவில் விசில் அடிக்கிற ரசிகனுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு மாசம் கழித்து வைத்ததால் கோப்பை ஒன்றும் பழசாகிவிடவில்லை.

பெங்களூரில் அப்புறம் போலீஸ் கமிஷனரை சஸ்பெண்ட் செய்தார்கள். அணி ஒவ்வொரு குடும்பத்துக்கும் 25 லட்சம் தந்தது. ஜெயித்த கையோடு கொண்டாட்டம் கூடாது என்று கிரிக்கெட் வாரியமும் விதி போட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்து, நீளமான ரோடாகப் பார்த்து, பஸ்ஸை மெதுவாக ஓட்டியிருக்கலாம். ஹேசல்வுட் இருந்திருக்க மாட்டார். அதனால் என்ன? 18 வருஷம் காத்திருந்த ஊருக்குக் கோப்பையைக் கண்ணில் காட்டினாலே போதுமே.